எதையும் மறக்காதவர்

அக்காவிடம் எதையும் ஒருமுறை சொன்னால் போதும். மறக்கவே மாட்டார்.

என் அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். முட்டி வலிக்கிறது என்று வீட்டில் தினமும் சொல்வார். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எங்கள் குடியிருப்புக்கு நிகழ்ச்சி நடத்த வரும் அக்காவிடம் ஒரு சனிக்கிழமை பேச்சுவாக்கில் அதைச் சொல்லியிருந்தேன். சில வாரங்கள் கழித்து, மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு பிள்ளை? உக்காந்து செய்யுற பக்கம் மாத்திக் கேட்டாங்களே, குடுத்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அப்படி மாற்றிக் கேட்டிருந்ததை நானே மறந்துபோயிருந்தேன்.

எங்கள் குடியிருப்பு கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலைக்குப் பின்னால் இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு மலிவுவிலை அடுக்குமாடிகள். எங்களுடையது ஏ பிளாக், எதிரே பி பிளாக். நடுவில் கார் நிறுத்துமிடம். ஓரமாக பாலாய் ராயா என்று எல்லாரும் சொல்லும் பொது மண்டபம். நான் அப்போது படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன், பதினாறு வயது.

அக்கா ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். எங்கள் வயதுப் பிள்ளைகள் வேப் என்ற மின்சிகரெட் பிடிப்பது, அடிதடிக்குப் போவது, பள்ளியைப் பாதியில் விடுவது, இதையெல்லாம் குறைப்பதற்கு ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆய்வு. முதல் நாள் பெற்றோரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். எங்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் கறிபாப் உண்டு, உள்ளே கிழங்குக் கறி வைத்துப் பொரித்தது.

அக்கா குள்ளமானவர். பருத்திக் குர்த்தாவும் காலில் ஓட்டக் காலணியுமாக வருவார். பக்கத்துக் கடையில் தே ஓ ஐஸ் என்ற பால் சேர்க்காத ஐஸ் தேநீர் வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் குடித்து முடித்து நான் பார்த்ததில்லை. யாராவது பேச ஆரம்பித்தால் குவளையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். தலை ஒரு பக்கம் சாயும். குவளையின் ஈரம் வழிந்து முழங்கை வரை இறங்கும். துடைக்கமாட்டார். நடுநடுவே ஒரு சொல் மட்டும் வரும்.

"பிறகு?"

நாங்களெல்லாம் 'அப்புறம்' என்போம். அவர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்களோடு எங்களைப் போலவே பேசுவார், 'பிறகு'வும் 'பிள்ளை'யும் மட்டும் மாறாது. தினேஷ் என்று ஒருத்தன், ஏ பிளாக் பையன், அக்கா மாதிரியே தலையைச் சாய்த்து "பிறகு?" என்று நடித்துக் காட்டுவான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். ஆனால் அந்தச் சொல்லுக்காகத்தான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தோம். எங்கள் வீடுகளில் எங்களிடம் 'போதும் நிறுத்து' என்றுதான் சொல்லியிருக்கிறார்களே தவிர, மேலே சொல் என்று யார் கேட்டார்கள்?

நிகழ்ச்சியில் நாங்கள் நடிக்க வேண்டியிருக்கும். ஒருவர் வேப்பை நீட்டுவார், இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும். தினேஷ் நீட்டினால் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு நன்றாகப் பேசுவான். தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். கோபம் வந்தால் உடம்பில் எந்த இடத்தில் முதலில் தெரிகிறது என்று பேசினோம். எனக்குத் தாடையில். அதற்கு முன் அதை நான் கவனித்ததே இல்லை.

ஒரு சமயம் தினேஷ் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு கார் கழுவும் கடையில் சேர்ந்துவிட்டான். அக்கா அவனைத் திட்டவில்லை. தன் வெள்ளை மைவி காரை அந்தக் கடைக்கு ஓட்டிப் போய் அவனிடம் கழுவக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலமும் போய் நின்றார்.

"மழையில எவன்லா கார் கழுவுவான்? உங்களுக்கு என்னாச்சுக்கா?" என்று தினேஷ் தலையில் அடித்துக்கொண்டானாம்.

"நீ பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்தக் கார் தினமும் அழுக்காகும்" என்றாராம்.

அடுத்த திங்கட்கிழமை அவன் சீருடையோடு பஸ் நிறுத்தத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தலைமையாசிரியரிடம் பேசியது, அவன் அப்பாவைச் சமாதானப்படுத்தியது எல்லாம் அக்காதான். அக்கா மனது வைத்தால் என்ன செய்வார் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். புவனாவைப் பற்றி அவரிடம் சொன்னதும் அந்தத் தைரியத்தில்தான்.

புவனா பி பிளாக். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து என் கூட்டாளி. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை, வீட்டில் இருக்கும் நேரம் குறைவு, இருந்தால் அடிக்கக் கை நீளும். நிகழ்ச்சி ஆரம்பித்த புதிதில் அவளும் என்னோடு மண்டபத்துக்கு வந்தாள். வாசலில் அக்கா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"எந்த பிளாக் பிள்ளை?"

"பி."

"குலுக்கிப் போட்டதுல இந்த வருஷம் ஏ பிளாக் வந்துருச்சு. ரெண்டு பிளாக்கையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்தாத்தான் இது பிரயோசனமான்னு தெரியும். உங்களுக்கு அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்."

தட்டிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். புவனா அதைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைக் கடந்து திரும்பிப் போனாள்.

கேள்வி கேட்கும் ஆட்கள் மட்டும் இரண்டு பிளாக்குக்கும் போனார்கள். கையில் டேப்லெட்டோடு வந்து, எவ்வளவு நேரம் தூங்குகிறாய், யாராவது உன்னை அடித்தார்களா, சோர்வாக இருக்கிறாயா என்று கேட்டு எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போவார்கள்.

"உங்களுக்குக் கறிபாப், எங்களுக்குக் கேள்வி" என்றாள் புவனா. "நல்லா இருக்குலா உங்க நியாயம்."

அந்த ஆண்டின் கடைசியில் அக்கா எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். வாழையிலைச் சாப்பாடு. திரும்பும்போது சிலர் கொமுட்டர் ரயிலில் போய்விட, மற்றவர்கள் அவர் காரில் ஏறினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். பெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. மழை வேறு. பின்னால் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, பி பிளாக்ல என் கூட்டாளி. அன்னிக்கு வாசலுக்கு வந்தாளே, அவ. லோரி ஓட்டுற ஒருத்தன்கூட ஜொகூருக்குப் போகப் போறா. இந்த ஸ்கூல் லீவுல. அவன் ரொம்பப் பெரியவன்க்கா, கல்யாணம் ஆனவன்னு கூட சொல்றாங்க."

"பிறகு?"

"நான் போகாதேன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். உனக்கு என்ன தெரியும்னு கத்துறா. அவ அப்பாகிட்ட சொன்னா கொன்னே போட்டுடுவாரு. டீச்சர்கிட்ட சொன்னா அப்பாவக் கூப்பிடுவாங்க."

"அவன் அவள அடிச்சிருக்கானா?"

"ஒரு நாள் கன்னம் வீங்கியிருந்துச்சு. விழுந்துட்டேன்னு சொன்னா. அவளுக்கு யாரும் இல்லக்கா. நீங்க பேசினா கேப்பா."

அக்கா கொஞ்ச நேரம் முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கைமேல் கையை வைத்தார்.

"நீ கவலைப்படாதே பிள்ளை. நான் பாத்துக்கிறேன்."

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. கிள்ளான் வந்து சேரும்வரை நானும் தூங்கிப்போனேன்.

விடுமுறை தொடங்கிய வாரமே புவனா போய்விட்டாள். மறு சனிக்கிழமை நான் மண்டபத்துக்குள் ஓடினேன். "அவ போயிட்டாக்கா" என்றேன். அக்காவின் முகம் வெளிறியது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் அழுவது என் தோளில் தெரிந்தது.

"நம்மால முடிஞ்சது அவ்வளவுதான் பிள்ளை" என்றார்.

அவர் போய்ப் பேசியிருக்கிறார், புவனாதான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். "நீங்க அழாதீங்கக்கா. உங்க மேல தப்பில்ல."

நிகழ்ச்சி முடிந்த நாளில் கேக் வெட்டினோம். சான்றிதழ் கொடுத்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஒவ்வொரு சொல் சொன்னார். என்னிடம், "உனக்கு அடுத்தவங்க சொல்றதக் கேக்க வருது. அந்த வேலைக்குப் போ" என்றார். போனேன். இன்று நான் ஒரு இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. என்னிடம் வரும் பிள்ளைகள் பேசும்போது என் தலை தானாக ஒரு பக்கம் சாய்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அக்கா கொஞ்ச நாள் பதில் போட்டார், பிறகு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு பி பிளாக்குக்கு யாரும் வரவில்லை.

புவனா நெடுநாள் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்த லோரிக்காரன் அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. எஸ்.பி.எம் என்ற பள்ளியிறுதித் தேர்வை எழுதாததால் நல்ல வேலை எதுவும் கிடைக்கவில்லை. என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் லேசாகச் சிரிப்பாள், நிற்கமாட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் எங்களைப் போன்ற ஆலோசக ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. மண்டபத்தில் அன்று நாங்கள் செய்த அந்த நிகழ்ச்சி எங்கள் பள்ளிகளுக்கும் வரப்போகிறது. பேச வந்தவர் அக்கா. தலை நரைத்திருந்தது, பேருக்கு முன்னால் டாக்டர் பட்டம் சேர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'அவங்க கை பிடிச்சு வளந்தவ நான்' என்று பக்கத்தில் இருந்த மலாய் ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து பேசினார். ஒரு பிளாக்குக்கு நிகழ்ச்சி, எதிர் பிளாக்குக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டதில் ஏ பிளாக் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தார்கள், சண்டை குறைந்தது, நன்றாகத் தூங்கினார்கள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர் குரலை இறக்கினார்.

"இந்த வேலையில் எனக்குக் கடினமான நாள் ஒன்று உண்டு. மழை. என் காரில் ஒரு பெண். பள்ளிப்பையின் வாரைக் கடித்துக்கொண்டே பேசினாள். எதிர் பிளாக்கில் இருக்கும் தன் தோழியைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினாள்."

'அவளுக்கு யாரும் இல்லக்கா' என்று தமிழிலேயே சொல்லி, அதை மொழிபெயர்த்தார். என் குரலில் இருந்த தயக்கம் கூட அப்படியே இருந்தது.

"அந்தத் தோழி நிகழ்ச்சிக்கு வெளியே இருக்க வேண்டியவள். நான் போய்ப் பேசினால் நிகழ்ச்சி அந்தப் பக்கத்துக்கும் போனதாகிவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? நான் போகவில்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. ஆனால் அன்று உறுதியாக இருந்ததால்தான் இந்த நிகழ்ச்சி இன்று உங்கள் கையில் இருக்கிறது."

அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து ஆசிரியை "காசிஹான்" என்று பெருமூச்சு விட்டார். பாவம் என்று அர்த்தம். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில் நான் போய் நின்றவுடன் அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"நீயா! பிரிக்பீல்ட்ஸ்ல இலையிலிருந்து ரசம் ஓடி வந்து சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டவதானே?"

"அவகிட்ட ஒரு தடவையாவது பேசினீங்களாக்கா?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் பேசினப்ப உள்ள இருந்தியா நீ?"

"பேசினீங்களா?"

"இல்ல பிள்ளை."

"பாத்துக்கிறேன்னு சொன்னீங்க."

"உன்ன அப்படியே அழவிட்டு இறக்கிவிட முடியல."

"அப்படி ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா கூட போகக்கூடாதுங்கறதா உங்க விதி?"

அக்கா பொய் சொல்லவில்லை. அதையாவது சொல்லியாக வேண்டும். "இல்ல. ஆபத்துன்னா மேலிடத்துல சொல்லலாம், அதுக்கு இடம் இருந்துச்சு. அது அந்த அளவுக்கு ஆபத்து இல்லன்னு நான்தான் முடிவு பண்ணினேன். அப்ப ரெண்டு பக்கமும் எண்ணிக்கை கம்மி. ஒருத்தி மாறினாலும் முடிவு ஆடிப்போகும்னு பயந்தேன்."

"கன்னம் வீங்கியிருந்துச்சுன்னு சொன்னேனே."

"ஞாபகம் இருக்கு."

"அவ போனப்ப அழுதீங்களே?"

"அது நிஜம் பிள்ளை" என்றார். அவர் கண்கள் நிறைந்தன. அது நிஜம்தான் என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ பேரு என்னன்னு சொல்லுங்க."

அக்கா தன் குவளைக்குள் பார்த்தார். என் அம்மாவின் முட்டியையும் என் சட்டையில் பட்ட ரசத்தையும் மறக்காதவர். யோசித்துப் பார்த்தேன். மண்டபத்துக்குள் வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் பேரைத்தான் கேட்பார். வாசலில் புவனாவிடம் பிளாக்கை மட்டும் கேட்டார். காரிலும் கேட்கவில்லை.

"கேக்கல" என்றார் கடைசியில். "கேட்டா என்னால மறக்க முடியாது. அதனாலதான் கேக்கல."

"புவனேஸ்வரி. இப்ப ஞாபகம் வெச்சுக்குங்க."

அவர் கையிலிருந்த குவளையை மேசைமேல் வைத்தார். "இப்ப எப்படி இருக்கா?"

"திரும்பி வந்துட்டா. ஒரு பொண்ணு இருக்கு. ஒரு காது..."

"பிறகு?" என்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இத்தனை காலமும் நான் மனிதர்களிடம் எதிர்பார்த்த அதே முகம். இதுவும் இன்னொரு ஊரில், இன்னொரு அரங்கில் கதையாகிவிடும் என்று தோன்றியது. நான் மேலே எதுவும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி. அதில் சந்தேகம் இல்லை. தினேஷ் இன்று ஷா ஆலாமில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளன், நான் ஆசிரியை. அக்கா சொன்ன முடிவுகளில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். புவனாவும் இருக்கிறாள், எதிர்ப் பக்கத்தில். அவள் விழுந்ததால் எங்கள் உயரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். இதை நினைக்க நினைக்க, கார் ஓட்டும்போது தாடை இறுகிப்போய் வலித்தது.

நேராக வீட்டுக்குப் போகாமல் கிள்ளானில் புவனா வேலை செய்யும் டோபி கடைக்குப் போனேன். துணி துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கும் கடை. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்காது என்பதால் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காரில் சொன்னதிலிருந்து அன்று கேட்டது வரை. அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ எனக்காகச் சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்."

"எனக்குத் தெரியாதுலா. நீ அந்த மண்டபத்துலயே கெடந்த. என்ன விட்டுட்டு நீ அவங்ககூட சேந்துட்டன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கடைத்தெருவில் அவள் நிற்காமல் போனது வெட்கத்தால் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெரியவங்க ஒருத்தர் போய்ச் சொல்லியிருந்தா நின்னிருப்பியா புவனா?"

ஒரு உறையை எடுத்து ஓரங்களைச் சரியாகச் சேர்த்து, கையால் நீவினாள்.

"போற அன்னிக்குக் காலைல பையெல்லாம் கட்டி வெச்சுட்டு, கதவத் திறந்து போட்டு உக்காந்திருந்தேன். அவன் கீழ ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், நான் எறங்கல. யாராவது பெரிய ஆளு வந்து, எங்கடி போற, உள்ள போன்னு ஒரு அதட்டு அதட்டினா போதும்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறக்கல. அப்புறம்தான் எறங்கினேன்."

உலர்த்தும் இயந்திரம் ஒன்று நின்றது. அவள் எழுந்து போய்ச் சூடான துணிகளை இரண்டு கையாலும் அள்ளி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கொட்டினாள். நானும் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.